‘கட்டினார்’, ‘கட்ட வேண்டும்’: பிரெஞ்சு மொழியில் இறந்தகாலம் – வணிகர்களுக்கு ஒரு பாடம்



நம் கடைகளில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று எழுதி மாட்டியிருக்கிறோம். அந்தப் பலகையே ஓர் இலக்கணப் பாடம்தான். வியாபாரத்தில் காலம் தவறினால் கணக்குத் தவறும். ‘கொடுத்தேன்’ என்பதும் ‘கொடுப்பேன்’ என்பதும் பேச்சில் ஓரிரு எழுத்து வித்தியாசம். பேரேட்டில் ஒன்று வரவு, மற்றது பாக்கி.

இந்தப் பாடத்தில் பிரெஞ்சு மொழியின் இறந்தகாலத்தை எடுத்துக்கொள்கிறோம். மளிகைக் கடைக்காரருக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நம் வாடிக்கையாளர்கள். வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில், 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16-ல் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. நாம் ‘சொல்தா’ என்று அழைக்கும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்குப் பாரீசிலிருந்து வந்தால், பலருக்குத் தமிழ் புரியும், பேச வராது. அந்தப் பிள்ளை கடைக்கு வந்து ‘பணம் கட்டிவிட்டேன்’ என்று தன் மொழியில் சொன்னால் நமக்குப் புரிய வேண்டாமா?

இரண்டாவது, பழைய காகிதங்கள். நம் பெரியவர்கள் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன பத்திரங்களும் ரசீதுகளும் பல வீடுகளில் பிரெஞ்சில் இருக்கின்றன.

மூன்றாவது, வரும் சுற்றுலாப் பயணிகள். வில்லியனூர் மாதா கோயிலுக்கும் திருக்காமீசுவரர் கோயிலுக்கும் சுடுமண் பொம்மைக்கும் வருகிறவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் உண்டு. அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசினால் வியாபாரம் நிற்கும்.

வணிகனுக்கு இரண்டாம் மொழி புதிய செய்தி அல்ல. துய்ப்ளேக்சு காலத்தில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அடிப்படையில் ஒரு வணிகர். 1736-ல் தொடங்கி 1761-ல் இறக்கும் வரை, நடந்ததைத் தமிழில் எழுதி வைத்தார். துபாஷ் என்றாலே இருமொழி அறிந்தவர் என்றுதான் பொருள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கல்லாவுக்கு வேண்டிய அளவு போதும்.

ஒலிக் குறிப்பு

பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். முழுமையாகப் பொருந்தாது. மூன்று ஒலிகளை மனத்தில் வையுங்கள். ‘ஜ’ என்று எழுதும் இடத்தில் அழுத்தாமல், ‘ஷ’வுக்குத் தொண்டை அதிர்வு கொடுத்ததுபோல் மென்மையாகச் சொல்ல வேண்டும். ‘ஓன்’, ‘ஆன்’ என்று வரும் இடத்தில் ‘ன்’ நாக்கில் முடியாமல் மூக்கிலேயே நின்றுவிடும். ‘யு’ என்பது உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்வது போன்றது.

தமிழில் எப்படி, பிரெஞ்சில் எப்படி

‘செலுத்தினேன்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். செலுத்து + இன் + ஏன். நடுவில் உள்ள ‘இன்’ இறந்தகாலத்தைக் காட்டுகிறது. கடைசியில் உள்ள ‘ஏன்’ யார் செலுத்தினார் என்பதைக் காட்டுகிறது. செலுத்தினாய், செலுத்தினார், செலுத்தினோம் என்று ஆளுக்கு ஏற்ப வால் மாறுகிறது. நாம் ‘நான்’ என்று சொல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும்.

பிரெஞ்சில் பேச்சு வழக்கில் உள்ள இறந்தகாலத்துக்கு ‘பாஸே கோன்போஸே’ என்று பெயர். ‘கூட்டு இறந்தகாலம்’ என்று சொல்லலாம். மூன்று துண்டுகளை வரிசையாக வைக்க வேண்டும்.

ஒன்று: ஆள். நான், நீங்கள், அவர் என்பது கட்டாயம் வர வேண்டும்.
இரண்டு: துணைவினை. ‘அவுவார்’ என்ற வினை. ‘வைத்திருத்தல்’ என்று பொருள். ஆளுக்கு ஏற்ப மாறுவது இது மட்டுமே.
மூன்று: முடிந்த வினையின் எச்சம். யார் செய்தாலும் இது மாறாது.

நாம் ‘வாங்கி வைத்திருக்கிறேன்’ என்கிறோம் அல்லவா? ‘வாங்கி’ மாறுவதில்லை, ‘வைத்திருக்கிறேன், வைத்திருக்கிறோம்’ என்பதுதான் மாறுகிறது. அதே அமைப்புதான்.

எச்சம் செய்யும் முறை

பிரெஞ்சு வினைகளில் மிகப் பெரும்பாலானவை முதல் வகுப்பைச் சேர்ந்தவை. அகராதியில் அவை ‘ஏ’ ஒலியில் முடியும். எழுத்தில் பார்த்தால் ஆங்கிலத்தில் ‘ஈ, ஆர்’ என்று சொல்லும் இரண்டு எழுத்துகள் கடைசியில் இருக்கும். அந்த ‘ஆர்’ எழுத்தை எடுத்துவிட்டு ‘ஈ’ எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட்டால் எச்சம் வந்துவிடும். ஒலியில் மாற்றமே கிடையாது.

‘பேயே’ (பணம் கட்டுதல்) என்ற வினையை எடுத்துக்கொள்வோம்.

ஜே பேயே – கட்டினேன்
த்யு ஆ பேயே – கட்டினாய்
இல் ஆ பேயே – கட்டினார் (ஆண்)
எல் ஆ பேயே – கட்டினார் (பெண்)
நூஸாவோன் பேயே – கட்டினோம்
வூஸாவே பேயே – கட்டினீர்கள்
இல்ஸோன் பேயே – கட்டினார்கள்

பேச்சில் ‘நாங்கள் கட்டினோம்’ என்பதற்கு ‘ஓன் ஆ பேயே’ என்றும் சொல்வார்கள். இதையே அதிகம் கேட்பீர்கள். ‘த்யு’ என்பது நம் ‘நீ’. வீட்டுப் பிள்ளைகளோடும் நெருங்கியவர்களோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் ‘வூ’தான், முன்னால் ஒரு ‘மிஸ்யே’ அல்லது ‘மதாம்’ சேர்த்தால் மரியாதை முழுமை பெறும்.

முதல் வரியை மறக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. இப்போது வாடிக்கையாளர்கள் கைப்பேசியைக் காட்டி ‘ஜீபே பண்ணிட்டேன்’ என்கிறார்கள். ‘ஜே பேயே’ என்பதும் கிட்டத்தட்ட அதே ஒலிதான், பொருளும் ‘கட்டிவிட்டேன்’ என்பதுதான். இதில் வியப்பில்லை. ஆங்கிலத்தின் ‘பே’ என்ற சொல்லே பழைய பிரெஞ்சிலிருந்து போனது.

கல்லாவுக்கு வேண்டிய வினைகள்

இதே அச்சில் வார்க்கக்கூடிய சில வினைகளைத் தருகிறோம். ‘ஜே’ என்று தொடங்கி இவற்றைச் சொன்னால் ‘நான் இன்னது செய்தேன்’ என்று ஆகிவிடும்.

ஆஷ்தே – வாங்கினேன்
கொமாந்தே – ஆர்டர் கொடுத்தேன்
பெஸே – எடை போட்டேன்
கோன்தே – எண்ணினேன்
லிவ்ரே – சரக்கை ஒப்படைத்தேன்
தொனே – கொடுத்தேன்
ப்ரேத்தே – கைமாற்றாகக் கொடுத்தேன்
ஷான்ஜே – மாற்றிக் கொடுத்தேன்
ஊப்ளியே – மறந்துவிட்டேன்

கடைசி வினையைக் கடன் வாங்கியவர்கள் எந்த மொழியிலும் தெரிந்து வைத்திருப்பார்கள்.

இரண்டாம் வகுப்பு வினைகள் ‘ஈர்’ என்று முடியும்; எச்சத்தில் ‘ஈ’ மட்டும் நிற்கும். ஃபினீர் – ஜே ஃபினீ, முடித்தேன். ரான்ப்லீர் – ஜே ரான்ப்லீ, நிரப்பினேன். ‘ர்’ என்று முடியும் மூன்றாம் வகுப்பில், ஒழுங்கான வினைகளுக்கு ‘யு’ வரும். வான்த்ர் – ஜே வான்த்யு, விற்றேன். பெர்த்ர் – ஜே பெர்த்யு, தொலைத்தேன், இழந்தேன். ரான்த்ர் – ஜே ரான்த்யு, திருப்பிக் கொடுத்தேன். ‘ஜே ரான்த்யு லா மொனே’ என்றால் ‘மீதிச் சில்லறை கொடுத்துவிட்டேன்’.

அச்சுக்குள் அடங்காதவையும் உண்டு. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஜே ரெஸ்யு – பெற்றுக்கொண்டேன். ஜே ப்ரீ – எடுத்தேன். ஜே எக்ரீ – எழுதினேன். பழைய ரசீதுகளின் தலைப்பில் ‘ரெஸ்யு’ என்ற சொல் இருந்தால் ‘பெற்றுக்கொண்டது’ என்று பொருள்.

ஒரே ஒலி, இரண்டு கணக்கு

இனி வருவதுதான் வணிகருக்கு மிக முக்கியமான பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

வாடிக்கையாளர் வாயிலிருந்து மூன்று வகையாக வரலாம்.

ஜெ பே – கட்டுகிறேன்
ஜே பேயே – கட்டினேன்
ஜெ பேரே – கட்டுவேன்

முதல் எழுத்து குறிலா நெடிலா, நடுவில் ‘ர’ இருக்கிறதா என்பதைக் காது கொடுத்துக் கேட்டால் குழப்பம் வராது. ‘பேரே’ என்றால் பாக்கி. ‘பேயே’ என்றால் வரவு.

ஆனால் காதை நம்ப முடியாத இடம் ஒன்று இருக்கிறது. ‘ஆ பேயே’ என்று யாராவது சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ‘அவர் கட்டினார்’ என்பதில் வரும் ‘ஆ பேயே’ ஒன்று. ‘கட்ட வேண்டியது’ என்ற பொருளில் வரும் ‘ஆ பேயே’ இன்னொன்று. ஒலியில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை. பொருளிலோ ஒன்று தீர்ந்த கணக்கு, மற்றது தீராத கணக்கு.

எழுத்தில்தான் வித்தியாசம் தெரியும். ‘கட்டினார்’ என்பதில் முதல் எழுத்தின் தலையில் கோடு இருக்காது. கடைசி எழுத்தின் தலையில் வலப்பக்கம் சாய்ந்த கோடு இருக்கும். ‘கட்ட வேண்டியது’ என்பதில் முதல் எழுத்தின் தலையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு இருக்கும். கடைசியில் ‘ஆர்’ எழுத்து இருக்கும். பழைய கையெழுத்துக் காகிதங்களில் தலைக்கோடுகள் மங்கிப்போயிருக்கும், அல்லது எழுதியவரே அவசரத்தில் விட்டிருப்பார். அப்போது கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘ஆர்’ இருந்தால் பணம் இன்னும் வரவில்லை.

இதே விதி ‘ஆ லிவ்ரே’ என்பதற்கும் பொருந்தும். அது ‘சரக்கை ஒப்படைத்தார்’ என்றும் ஆகலாம், ‘ஒப்படைக்க வேண்டிய சரக்கு’ என்றும் ஆகலாம்.

பில்லில் காணும் சில தொடர்களையும் தெரிந்துகொள்வது நல்லது. ‘ரெஸ்த் ஆ பேயே’ என்றால் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி. ‘அகோன்த் வெர்ஸே’ என்றால் செலுத்திய முன்பணம். ‘பூர் அக்கீ’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் பணம் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல்.

பத்திரத்திலும் இதையே பாருங்கள். ‘ஆ வான்த்யு’ என்று இருந்தால் ‘விற்றார்’, வேலை முடிந்தது. ‘ப்ரொமெஸ் தெ வான்த்’ என்று இருந்தால் ‘விற்பதாகச் சொன்ன வாக்கு’. இது நிலத்தைப் பற்றிய செய்தி. அண்ணன் தம்பிக்குள் வழக்கு வருவது இந்த ஒரு வரியால்தான். படித்து நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. சட்டப் பொருளை வக்கீல்தான் சொல்ல வேண்டும். ஆனால் எந்தக் காகிதத்தை வக்கீலிடம் கொண்டுபோக வேண்டும், எந்த வரியைக் காட்டிக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்த இலக்கணம் உதவும்.

இல்லை என்று சொல்வது

‘கட்டவில்லை’ என்ற தமிழ்ச் சொல்லில் ஆள் இல்லை. நான் கட்டவில்லை, அவர் கட்டவில்லை, நாங்கள் கட்டவில்லை எல்லாம் ஒன்றே. பிரெஞ்சில் ஆளைச் சொல்லியே தீர வேண்டும். துணைவினைக்கு முன்னால் ‘ந’, பின்னால் ‘பா’ என்று இரு பக்கமும் அணை கட்டுவார்கள்.

ஜெ நே பா பேயே – நான் கட்டவில்லை
இல் நா பா பேயே – அவர் கட்டவில்லை
நூ நாவோன் பா பேயே – நாங்கள் கட்டவில்லை
வூ நாவே பா பேயே – நீங்கள் கட்டவில்லை

வேகமாகப் பேசும்போது முன்னால் உள்ள ‘ந’ விழுந்துவிடும், ‘பா’ விழாது. ஆகவே ‘பா’ காதில் பட்டால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘பா ஸான்கோர்’ என்றால் ‘இன்னும் இல்லை’. ‘தேஜா’ என்றால் ‘ஏற்கெனவே’.

கேள்வி கேட்பது எளிது. ‘எஸ் க’ என்று முன்னால் சேர்த்தால் போதும். ‘எஸ் க வூஸாவே பேயே?’ – பணம் கட்டினீர்களா?

நாள் சொல்ல: இயேர் – நேற்று. அவான்தியேர் – முந்தாநாள். ஸெ மத்தேன் – இன்று காலை. லெ மோவா தெர்னியே – போன மாதம்.

சரக்கு வந்தது

வருதல், போதல், நுழைதல், விழுதல் போன்ற சில வினைகளுக்கு ‘அவுவார்’ துணைவினை ஆகாது. ‘எத்ர்’ (இருத்தல்) என்ற வினை வரும். ‘ஜெ ஸ்வி ஸாரிவே’ – வந்து சேர்ந்தேன். ‘லா மார்ஷான்தீஸ் ஏ தாரிவே’ – சரக்கு வந்து சேர்ந்தது. இந்த வகையில் எச்சத்தின் எழுத்து ஆண், பெண், ஒருமை, பன்மைக்கு ஏற்ப மாறும். முதல் வகுப்பு வினைகளில் அந்த மாற்றம் காதில் விழாது, காகிதத்தில்தான் தெரியும்.

‘இதோ வந்துட்டேன்’

தமிழர்களாகிய நாம் தவறக்கூடிய இடம் ஒன்றைத் தனியாகச் சொல்கிறோம். வாடிக்கையாளர் கூப்பிட்டால், நாம் கோடவுனில் இருந்தபடியே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோம். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருக்க மாட்டோம். ‘சரக்கு அனுப்பிட்டேன்’ என்கிறோம். வண்டியில் மூட்டை ஏறியிருக்காது. விரைவைக் காட்ட எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்வதை நம் இலக்கண நூலோர் அனுமதித்திருக்கிறார்கள். அதற்குக் ‘கால வழுவமைதி’ என்று பெயரும் கொடுத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சில் இதற்கு இடமில்லை. ‘ஜெ ஸ்வி ஸாரிவே’ என்றால் ஆள் வந்து நிற்க வேண்டும். ‘இதோ வந்துட்டேன்’ என்பதற்கு அவர்கள் நிகழ்காலத்தில் ‘ஜாரீவ்’ என்றுதான் சொல்வார்கள். ‘ஜே லிவ்ரே’ என்று நாம் சொல்லிவிட்டு மூட்டை நம் கடை வாசலிலேயே இருந்தால், கேட்பவர் அதை வேகம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார், பொய் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதில் போவது அந்த ஒரு மூட்டை வியாபாரம் மட்டும் அல்ல.

இன்னொன்று. ‘பணம் குடுத்தாச்சு’ என்கிறோம். யார் கொடுத்தது? யாரிடம் கொடுத்தது? அந்தச் சொல்லில் இரண்டும் இல்லை. கடைப் பையன் ‘குடுத்தாச்சாம்’ என்று வந்து சொன்னால் அதை வைத்து வரவு எழுத முடியாது. பிரெஞ்சு வாக்கியத்தில் ஆள் இல்லாமல் இறந்தகாலமே நிற்காது. அந்த ஒழுங்கை நம் தமிழ்க் கணக்கிலும் கடைப்பிடித்தால் நல்லது. யார், யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு – இந்த நான்கும் இல்லாத ‘ஆச்சு’வைப் பேரேட்டில் ஏற்றாதீர்கள்.

பயிற்சி

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே பிரெஞ்சில் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு விடையைப் பாருங்கள்.

1. நேற்று பத்து கிலோ அரிசி வாங்கினேன்.
2. நாங்கள் மூட்டைகளை எண்ணினோம்.
3. அந்த அம்மா மீதிச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்தார்.
4. அவர்கள் சரக்கை இன்னும் ஒப்படைக்கவில்லை.
5. ஐயா, நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள்.

விடைகள்:

1. இயேர், ஜே ஆஷ்தே தீ கிலோ தெ ரீ.
2. நூஸாவோன் கோன்தே லே ஸாக்.
3. எல் ஆ ரான்த்யு லா மொனே.
4. இல் நோன் பா ஸான்கோர் லிவ்ரே லா மார்ஷான்தீஸ்.
5. மிஸ்யே, வூஸாவே தேஜா பேயே.

ஐந்தாவது வாக்கியத்தை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். மறந்துபோய் இரண்டாம் முறை பணம் நீட்டுகிற வெளியூர்க்காரரிடம் அதைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தால், அவர் ஊர் திரும்பியும் நம் கடையை மறக்க மாட்டார். எந்த மொழியிலும் வணிகனுக்கு முதல் இலக்கணம் நாணயம்தான். காலமும் இடமும் அதற்குப் பின்னால் வருபவை.